சுற்றுச்சூழல் பட்டப்படிப்பில் சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "மகள் பிளஸ் டூவில் பயோ–மேத்ஸ் குரூப். இன்ஜினியரிங் வேண்டாமாம். அறிவியல், பொருளாதாரம், சட்டம் எல்லாம் கலந்து ‘சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும்’ என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, அதில்தான் சேருவேன் என்கிறாள். அதில் என்ன சொல்லித் தருவார்கள்? முடித்தால் வேலை உண்டா?"

சேர்க்கலாம். ஆனால் படிப்பின் பெயரை நம்பிச் சேர்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் படித்துவிட்டுச் சேருங்கள். இந்தத் துறையில் ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு கல்லூரிகள் இரண்டு வேறு படிப்புகளை நடத்துவது சாதாரணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எல்லாக் கல்லூரியிலும் ‘இ.வி.எஸ்.’ (சுற்றுச்சூழல் கல்வி) என்று ஒரு பேப்பர் இருக்கிறதே, அது வேறு. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் எல்லாருக்கும் கட்டாயமான ஒற்றைத்தாள் அது. பி.இ. சுற்றுச்சூழல் பொறியியல் இன்னொன்று; சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்கும் ஆள் அதிலிருந்து வருவார். பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் வேதியியலும் உயிரியலும் கனமாக இருக்கும், சமூக அறிவியல் ஊறுகாய் அளவுக்குத்தான். உங்கள் மகள் கேட்பது நான்காவது வகை. அறிவியலும் சமூக அறிவியலும் ஏறக்குறைய சமமாகக் கலந்த படிப்பு.

ஏன் கலந்து படிக்க வேண்டும் என்பதற்குத் திருப்பூரைப் பார்த்தால் போதும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 60, 80 கிராம் என்று போடுவார்கள். சாயம் துணியில் ஏறும், உப்பு ஏறாது. போட்ட உப்பு முழுக்க தண்ணீரோடு வெளியே வரும். நுண்ணுயிர்களை வைத்துச் சுத்திகரித்தால் அழுகும் பொருள் குறையும், நிறமும் ஓரளவு போகும், உப்பு அப்படியே இருக்கும். ஆற்றில் விடுவதற்கான வரம்போ, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அதை மீறிய தண்ணீர் வருடக்கணக்கில் நொய்யலில் இறங்கி, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாகிப் போனது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ நிலையை எட்டாத சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது.

அதன்பிறகு ஆர்.ஓ. வந்தது. ஆர்.ஓ.வில் மிஞ்சும் கெட்டி உப்புநீரை ஆவியாக்க எவாப்பரேட்டர் வந்தது. நல்ல தண்ணீர் மறுபடி சாயத் தொட்டிக்குப் போகிறது, சோடியம் சல்பேட்டைப் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் சேருகிறது. மழையில் நனைந்தால் மறுபடி மண்ணுக்குள். ஆவியாக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு அல்லது நிலக்கரி. தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்த இடத்தில் எரிபொருள் பிரச்சினையும் திடக்கழிவுப் பிரச்சினையும் முளைத்தன. கூடவே ஒரு கிலோ துணிக்கான சாயச் செலவு ஏறியது. அதைச் சுமப்பது முதலாளியா, வெளிநாட்டில் பனியன் வாங்குபவரா, கூலிக்காரரா என்ற கேள்வியும் வந்தது. ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் அந்தச் செலவைக் கணக்கிட வேதியியலும் வேண்டும், பொருளாதாரமும் வேண்டும், நொய்யல் கரையில் எத்தனை ஏக்கர் கெட்டது என்ற வரைபடமும் வேண்டும். தனிப் பாடம் எதிலும் இது முழுசாக அடங்காது.

இனி ஆபத்து. ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பார்களே, இந்தப் படிப்பின் வழக்கமான நோய் அதுதான். மூன்று வருடம் முடித்த மாணவிக்குப் பருவநிலை பற்றி அரை மணி நேரம் பேச வரும். ஒரு குளத்துத் தண்ணீரைக் கொடுத்தால் சோதிக்க வராது, ஒரு வரைபடம் போடவும் வராது. இரண்டாம் வருடம் முடிவதற்குள் ஏதாவது ஒரு வேலை கைக்கு நன்றாகப் பழகியிருக்க வேண்டும். தண்ணீர்ச் சோதனை, வரைபடம், புள்ளியியல், கள ஆய்வு, கார்பன் கணக்கு, எதுவானாலும் சரி.

அதற்குப் பாடத்திட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பது எப்படி? கல்லூரி இணையதளத்தில் பாடத்திட்டம் பி.டி.எஃப். ஆக இருக்கும், அதை அச்சடித்து வையுங்கள். யு.ஜி.சி. கணக்குப்படி மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருட ஆனர்ஸுக்கு 160. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பில் 15 மணி நேரம், லேப் அல்லது களம் என்றால் 30 மணி நேரம். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே 3–0–2 என்பது போல மூன்று எண்கள் இருக்கும்: வாரத்துக்கு விரிவுரை, டுடோரியல், பிராக்டிகல் மணி. மூன்றாவது எண்ணை மட்டும் முழுப் பட்டியலுக்கும் கூட்டுங்கள். பெரும்பாலான பாடங்களில் அது பூஜ்யமாக இருந்தால் அந்தப் படிப்பு கரும்பலகைப் படிப்பு. ‘களப்பயணம் உண்டு’ என்று விளக்கத்தில் எழுதிவிட்டு மணிக்கணக்கில் இடம் ஒதுக்காமல் இருப்பார்கள். அது ஒரு நாள் பஸ் பயணமும் குரூப் போட்டோவுமாக முடியும்.

அடுத்து, ‘அறிமுகம்’ என்ற சொல் எத்தனை பாடத் தலைப்பில் வருகிறது என்று எண்ணுங்கள். முதல் வருடத்தில் வந்தால் சரி. ஐந்தாம் செமஸ்டரிலும் அறிமுகமே நடக்கிறதென்றால், மூன்றாம் வருடப் பாடம் எதற்கும் இரண்டாம் வருடப் பாடம் தேவைப்படவில்லை என்று பொருள், ஆழம் இல்லை. குறைந்தது இரண்டு புள்ளியியல் பாடம், ஒரே துறையில் 24 கிரெடிட்டுக்குக் குறையாமல், சொந்தமாகத் தகவல் திரட்டிச் செய்யும் இறுதி ஆண்டு ஆய்வு. இந்த மூன்றும் இல்லாத கல்லூரியை நான் சிபாரிசு செய்யமாட்டேன், கட்டடம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும்.

ஆழமாகக் கற்பது என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். பி.ஓ.டி. சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவுநீரில் உள்ள அழுகும் பொருளை நுண்ணுயிர்கள் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளப்பது. 300 மில்லி பாட்டிலில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, 27 டிகிரியில் மூன்று நாள் இருட்டில் வைத்து, முதல் நாளும் கடைசி நாளும் கரைந்த ஆக்சிஜனை அளக்க வேண்டும். நம் நாட்டில் இதுதான் வழக்கம். வெளிநாட்டுப் புத்தகத்தில் 20 டிகிரி, ஐந்து நாள் என்று இருக்கும். சாதாரண வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில் இருக்கும். 27 டிகிரித் தண்ணீரோ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்கும். அதனால் நீர்க்கச் செய்தே வைக்க வேண்டும். 300 மில்லியில் 6 மில்லி சாக்கடை என்றால் 50 மடங்கு. தொடக்கத்தில் 7.8, முடிவில் 3.8 என்று வந்தால், வித்தியாசம் 4, பெருக்கல் 50, விடை 200.

இதே மாணவி அவசரத்தில் 6-க்குப் பதில் 30 மில்லி ஊற்றிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 10 மடங்குதான். ஆக்சிஜன் முதல் நாளிலேயே தீர்ந்துவிடும், கடைசி அளவு பூஜ்யம். 7.8 பெருக்கல் 10, விடை 78. அதை அப்படியே அறிக்கையில் எழுதினால் சாக்கடை பாதிக்கு மேல் சுத்தமாகிவிட்டது போலத் தெரியும். முடிவில் குறைந்தது 1 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும், குறைந்தது 2 மில்லிகிராம் செலவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாட்டிலைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்ற விதி இதற்காகத்தான். வேதிப்பொருளைச் சேர்த்ததும் பழுப்புப் படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாக வந்தால் தீர்ந்துவிட்டது; கண்ணாலேயே தெரியும். தோல், சாயத் தொழிற்சாலைக் கழிவில் இன்னொரு பொறி உண்டு. அதிலுள்ள நச்சு நுண்ணுயிர்களையே கொன்றுவிடும், ஆக்சிஜன் செலவே ஆகாது, பி.ஓ.டி. குறைவாகக் காட்டும். மோசமான தண்ணீர் நல்ல எண்ணைக் கொடுக்கும். இன்னொரு சின்ன விஷயம்: மூன்று நாள் சோதனையை வியாழக்கிழமை வைத்தால் ஞாயிறு எடுக்க வேண்டும், லேப் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை வைத்தால் திங்கள். இப்படிப்பட்டதெல்லாம் கையால் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

வரைபட வேலையிலும் இதே கதை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 30 மீட்டர் துல்லியத்தில், சென்டினல்–2 படங்கள் 10 மீட்டரில், இரண்டும் இலவசம், வரைபடம் போடும் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளும் இலவசம். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் எவ்வளவு சுருங்கியது என்று பார்க்கிற பயிற்சி நல்ல பயிற்சி. ஆனால் ஒரு வருடத்து மே மாதப் படத்தையும் இன்னொரு வருடத்து டிசம்பர் படத்தையும் ஒப்பிட்டால் வடகிழக்குப் பருவமழையைத்தான் அளந்திருப்பீர்கள். ஆகாயத்தாமரை மூடிய நீர்ப்பரப்பைக் கணினி செடி என்று எண்ணிவிடும். நேரில் போய்ப் பார்க்காமல் திருத்த முடியாது. பரப்பளவு கணக்கிடும் முன் டிகிரியிலிருந்து மீட்டருக்கு மாற்ற வேண்டும், அதற்கு யு.டி.எம். மண்டலம் (வரைபடத்துக்காக உலகத்தைத் தீர்க்கரேகைப்படி பிரித்த பட்டை) சரியாக இருக்க வேண்டும். சென்னைக்கு 44 வடக்கு, திருப்பூருக்கும் கோவைக்கும் 43 வடக்கு. இரண்டுக்கும் எல்லையான 78-வது தீர்க்கரேகை தமிழ்நாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மரக் கணக்கெடுப்பில் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுப்பார்கள், அதை 3.14-ஆல் வகுக்க மறந்து விட்டமாகப் போட்டால், அந்த மரத்தில் உள்ள கார்பன் பத்து மடங்குக்கு மேல் வீங்கிவிடும்.

சமூகப் பாடம் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணூர் கழிமுகத்தில் ஒரு மீனவரிடம் போய் "சாம்பல் கழிவால் உங்களுக்கு மீன்பாடு குறைந்துவிட்டதா?" என்று கேட்டால் "ஆமா" என்பார். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. "போன மாசம் எத்தனை நாள் வலைக்குப் போனீங்க? எறா எத்தனை கிலோ வந்துச்சு? என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டால் எண்ணாக வரும், அடுத்த வருடம் திரும்பக் கேட்டு ஒப்பிடலாம்.

இப்போது சந்தையில் தேவை கூடியிருக்கும் திறமை கார்பன் கணக்கு. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற நிலைத்தன்மை அறிக்கை கொடுப்பதை பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022–23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியிலிருந்து முழு அமலுக்கு வந்தது. இரும்பு–எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதில் அடங்கும். ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு கார்பன் என்ற கணக்கை ஏற்றுமதி செய்பவரிடம் கேட்பார்கள்.

அந்தக் கணக்கைக் கல்லூரி விடுதியை வைத்தே பழகலாம். மாதம் 40,000 யூனிட் மின்சாரம், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 28 டன். ஜெனரேட்டருக்கு 500 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.68 கிலோ, ஆக 1.34 டன். சமையலறையில் 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 57 கிலோ. இதை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: நாமே எரிக்கும் டீசலும் கேஸும் ஸ்கோப் 1, வாங்கிய மின்சாரம் ஸ்கோப் 2, மாணவர் வந்துபோகும் வெளி பஸ் ஸ்கோப் 3. சறுக்கும் இடங்கள் இவை: எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஹெச்.டி. (உயரழுத்த) இணைப்புக்கு மாதா மாதம் பில்; இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டிவிடுவார்கள். வாங்கிய டீசலை எரித்த டீசலாக எழுதுவார்கள், டிரம்மில் மிச்சம் இருப்பதைக் கழிக்கமாட்டார்கள். மின்சாரக் காரணியை (யூனிட்டுக்கு இத்தனை கிலோ என்ற அந்த எண்ணை) மத்திய மின்சார ஆணையம் அவ்வப்போது மாற்றி வெளியிடுவதைக் கவனிக்காமல் பழைய எண்ணையே போடுவார்கள்.

வேலைக்கு வருவோம். சில கதவுகள் பெயராலேயே மூடியிருக்கும். காட்டு அதிகாரி ஆவேன் என்று சொல்லி இந்தப் படிப்பில் சேருகிற பிள்ளைகள் நிறைய. ஆனால் இந்திய வனப் பணித் தேர்வு எழுத, பட்டத்தில் கால்நடை பராமரிப்பு–மருத்துவம், தாவரவியல், வேதியியல், புவியமைப்பியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றாவது பாடமாக இருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். அந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் கிடையாது! எனவே துணைப்பாடமாக அவற்றில் ஒன்றை எடுத்து, மதிப்பெண் பட்டியலில் அதே பெயரில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ‘சூழலியல் வேதித் தத்துவங்கள்’ என்று அலங்காரப் பெயர் வைத்தால் பிறகு விளக்கிக்கொண்டிருக்க வேண்டி வரும். வனப்பணியே குறி என்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வனவியல் பட்டம் நேர் வழி.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பதவி பொறியியல் படித்தவர்களுக்கு. சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிக்கு முதுகலை கேட்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி இவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் குறிப்பிட்ட பாடப் பட்டம் கேட்கும் பதவிகளில், பெயர் மாறிய பட்டத்துக்கு ‘இணையானது’ என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். கல்லூரியில் சேரும்போதே "இந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பி.எட். படித்து ஆசிரியராகும் எண்ணம் இருந்தாலும் இதே எச்சரிக்கை.

தனியார் பக்கம் வழி அகலம். 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி பெரிய திட்டங்களுக்கு ஆய்வறிக்கை வேண்டும். அதைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கு நேபெட் என்ற தர அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். அதில் காற்று, நீர், ஒலி, மண், நிலப்பயன்பாடு, உயிரினப் பன்மை, சமூகப் பொருளாதாரம் என்று துறைவாரியாக நிபுணர்களைக் காட்ட வேண்டும். அங்கேயும் ‘எல்லாம் தெரிந்தவர்’ என்று ஒரு இடம் கிடையாது, ஏதாவது ஒரு நாற்காலியில்தான் உட்கார வேண்டும். இளங்கலை முடித்ததும் களத்தில் மாதிரி எடுக்கும், தகவல் தொகுக்கும் வேலையில் நுழையலாம். கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பெரும்பாலும் முதுகலையும் சில வருட அனுபவமும் தேவை. மூன்றாண்டு சட்டப் படிப்பு இன்னொரு நல்ல கிளை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது, ஆய்வக அறிக்கையைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞருக்கு மதிப்பு உண்டு.

மேற்படிப்புக்கும் வழி அடைபடவில்லை. எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல்–பொறியியல் தனித்தாளாக இருக்கிறது, அறிவியல், கலைப் பட்டதாரிகளும் எழுதலாம். தேர்வு எழுத முடியும் என்பதற்காக எம்.டெக். இடம் உறுதி என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் பி.இ. அல்லது பாடவாரியான எம்.எஸ்சி. கேட்பார்கள். ஜே.என்.யு., புதுவைப் பல்கலைக்கழகம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்) போன்ற இடங்களில் முதுகலை இருக்கிறது.

இளங்கலைக்கு எங்கே என்றால், முழுக் கலப்புப் படிப்பு சோனிபட்டில் உள்ள அசோகா, ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கிடைக்கிறது. கட்டணம் அதிகம், உதவித்தொகை விண்ணப்பத்தைச் சேர்க்கையோடு சேர்த்தே போட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பி.எஸ்சி. ஆனர்ஸ் சுற்றுச்சூழல் அறிவியல் உண்டு, கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக. அவ்வளவு தூரமோ செலவோ முடியாதென்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அருகில் உள்ள நல்ல கல்லூரியில் வேதியியல், தாவரவியல், புவியியல், பொருளாதாரம் என்று ஏதாவது ஒன்றை எடுத்து, விடுமுறையில் கியூ.ஜி.ஐ.எஸ்.ஸும் புள்ளியியலும் பழகி, முதுகலையில் சுற்றுச்சூழலுக்கு மாறலாம். பட்டத்தின் பெயரால் வரும் சிக்கல் இந்த வழியில் வராது. சுமாரான கலப்புப் படிப்பைவிட இதையே நான் மேல் என்பேன்.

கல்லூரியைப் பார்க்கப் போகும் அன்று, வரவேற்பறையில் தரும் வண்ணப் புத்தகத்தை வாங்கி பைக்குள் வைத்துவிட்டு, லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பி.ஓ.டி. இன்குபேட்டர் எங்கே என்று கேளுங்கள். அது ஓடுகிறதா, உள்ளே பாட்டில் இருக்கிறதா, பக்கத்தில் தொங்கும் பதிவேட்டில் கடைசியாக எழுதிய தேதி என்ன என்று பாருங்கள்.